வால்வு போடாத கார்

திருப்புளியின் இரும்பு நுனியை இன்ஜின் மேல் ஊன்றி, மரக் கைப்பிடியைப் பல்லால் கடித்துக்கொண்டு கண்ணை மூடியிருக்கிறார் சவரியப்பன். லாரி நின்ற இடத்தில் உறுமுகிறது. டிரைவர் கீழே நின்று அவர் முகத்தையே பார்க்கிறார். அரை நிமிடம் அப்படியே போகிறது. பிறகு கைப்பிடியை வாயிலிருந்து எடுத்துச் சட்டையில் துடைத்துவிட்டுக் கத்துகிறார்.

"மூணாவது சிலிண்டர்ல டாப்பெட் லூசு! டர்போ நல்லாத்தான் இருக்குது, அதும்மேல எவனும் கை வெக்காதிங்க!"

கத்துகிறார் என்றால் கோபம் என்று அர்த்தமில்லை. அவருக்கு இரண்டு காதும் கேட்காது. ஓசூர் சிப்காட்டில் இன்ஜின்களை முழு வேகத்தில் ஓடவிட்டுச் சோதிக்கும் ஷெட்டில் பதினொரு வருஷம் வேலை பார்த்தவர். காதில் வைத்துக்கொள்ளக் கொடுத்த அடைப்பானை வைத்தால் இன்ஜின் என்ன சொல்கிறதென்று தெரியவில்லையாம். அதனால் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். எண்பத்தெட்டில் வலது காது போனது. அடுத்த வருஷமே இடதும் போனது. வேலையை விட்டுவிட்டு, கர்நாடக எல்லைக்குக் கூப்பிடு தூரத்தில் ஜூஜுவாடியில் தகரக் கொட்டகை போட்டு உட்கார்ந்துவிட்டார். காது போனபின்தான் பல்லால் கேட்கக் கற்றுக்கொண்டார். அது கேட்பதா, வெறும் அதிர்வு தெரிவதா என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது. ஆனால் இன்ஜின் விஷயத்தில் சொன்னது இதுவரை தப்பியதில்லை. திருப்புளிக் கைப்பிடியில் மேல்வரிசைப் பல்லுக்கு ஒரு பள்ளம், கீழ்வரிசைக்கு ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது.

அவரிடம் பேச வேண்டுமானால் எழுத வேண்டும். அதற்குக் காகிதம் பேனாவெல்லாம் கிடையாது. செக்போஸ்ட்டுக்கு வரிசையில் நிற்கும் லாரிகள் கிளப்பும் தூசி பானட் மேல் எப்போதும் அரை விரல் கிடக்கும். அதில் விரலால் எழுத வேண்டியதுதான். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றையும் எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவார். நாம் எழுதும்போது தலையை இடப்பக்கம் சாய்த்து, வாயைக் கொஞ்சம் திறந்து, விரலையே பார்த்துக்கொண்டு காத்திருப்பார். பாதியில் ஊகித்துப் பதில் சொல்ல மாட்டார். புள்ளி வைத்து முடிக்கும்வரை பொறுமையாக நிற்பார். இப்படி எழுதிக்காட்டும் வழக்கத்தை முதலில் தொடங்கியது அவர் மனைவி லூர்தம்மாள். காது போன புதிதில், எதுவும் புரியாமல் எல்லார்மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தவரிடம், ஒரு லாரியின் பானட்டில் 'சாப்பிட வா' என்று எழுதிவிட்டுப் போனாராம்.

பக்கத்துப் பஞ்சர் கடை நாராயணப்பனுக்கு இவரால் ஓயாத தொல்லை. தன் சத்தம் தனக்கே கேட்காத மனிதர் எதையும் மெல்ல வைப்பதில்லை. ஸ்பானரை எறிகிறார், பானட்டை ஓங்கி அறைகிறார். "அண்ணன் கிட்ட ரகசியம்னு ஒன்னு கெடையாது சார். பொண்டாட்டிகிட்ட கொழம்புல உப்பு கம்மின்னு சொன்னா அத்திப்பள்ளி வரைக்கும் கேக்கும்" என்பார் நாராயணப்பன். சொல்லிவிட்டு உடனே நாக்கைக் கடித்துக்கொள்வார். லூர்தம்மாள் இறந்து இருபது மாதம் ஆகிறது.

என்னைப் பற்றியும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். நான் சிப்காட்டில் கருவிகளின் அளவு சரிபார்க்கும் வேலையில் இருப்பவன். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குவரை நம்புவேன். அதற்குக் கீழே இருப்பதையும் மேலே இருப்பதையும் நம்பும் பழக்கம் எனக்கு இல்லை. இனி வருவதைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சவரியப்பனின் தொழில் டர்போ. புகைக் குழாயில் வெளியேறும் புகையாலேயே சுழலும் ஒரு விசிறி, காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும். இன்ஜினின் பலம் ஒன்றரை மடங்காகும். பெரிய லாரிகளில் மட்டுமே இருந்த இதை, இப்போது பெங்களூர்ப் பக்கம் பந்தயப் பைத்தியம் பிடித்தவர்கள் பெட்ரோல் கார்களிலும் மாட்டிக்கொண்டு வருகிறார்கள். அவர்கள் எல்லாரும் கேட்கும் ஒரே கேள்வி, டம்ப் வால்வு போடலாமா, வேண்டாமா என்பது. போன ஐப்பசியில் கிரானைட் வியாபாரி முனிராஜ் தன் காரைக் கொண்டுவந்து நிறுத்தி, அதைத்தான் பானட்டில் எழுதினார். போட்டால் வீண் செலவு என்று ஒருவர் சொன்னாராம், போடாவிட்டால் டர்போ உடையும் என்று இன்னொருவர் சொன்னாராம். மனிதர் குழம்பிப்போயிருந்தார்.

சவரியப்பன் கடைசி எழுத்துவரை காத்திருந்து சொன்னார். "ஓடுறப்ப காத்து உள்ள போய்க்கினே இருக்குது. திடீர்னு ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுக்கற. இன்ஜினுக்குள்ள போற கதவு சாத்திக்குது. ஆனா விசிறி நிக்குமா? தள்ளிக்கினேதான் இருக்கும். வந்த காத்து எங்க போவும்? திரும்பி வந்து விசிறி மூஞ்சியிலயே அடிக்கும். டுர்ர்ர்னு ஒரு சத்தம் வரும் பாரு, அது அடி வாங்குற சத்தம். வால்வு போட்டா பக்கத்துக் கதவு தொறந்து காத்து உஸ்ஸுன்னு வெளிய பூடும். கம்மி பிரசர்ல ஓட்டுறவன் போடாட்டியும் ஓட்டலாம். நீ ஓட்டுற ஓட்டத்துக்குக் கண்டிப்பா போடு!"

முனிராஜ் போட்டுக்கொண்டு போனார். அவருக்கு முன்னும் பின்னும் வந்த எல்லாருக்கும் அதே தீர்ப்புதான், அதே வேலைதான். இதில் சவரியப்பனுக்கு இரண்டாவது எண்ணமே கிடையாது.

அப்படிப்பட்டவரின் சொந்தக் காரில் வால்வு இல்லை.

அது ஒரு பழைய கான்டெஸா. பெங்களூரில் லாரியில் மோதி நசுங்கிக் கிடந்ததை வாங்கிவந்து, ஏதோ ஒரு ஜப்பான் காரிலிருந்து கழற்றிய டர்போவை அதில் பொருத்தியிருக்கிறார். முதல் தடவை அதில் என்னை ஏற்றிக்கொண்டபோது நான் வழக்கம்போல முன் கதவைத் திறந்தேன். "முன்னாடி வேணாம் சார். பின்னால ஏறுங்க" என்றார். இடப்பக்க முன் சீட் காலியாகவே இருந்தது. அந்தப் பக்கத்துக் கண்ணாடி பாதி இறங்கியிருந்தது. பாகலூர் ரோட்டுக் குளிர் காற்று நேராக என் காதில் வந்து அடித்தது. கண்ணாடியை ஏற்றலாமா என்று சைகையில் கேட்டேன். பின்னால் பார்க்கும் கண்ணாடியில் என்னை ஒருமுறை முறைத்துவிட்டு, "மூடக்கூடாது" என்றார்.

தைல மரங்கள் தொடங்கும் இடத்தில் சாலை ஆளில்லாமல் நீளும். அங்கே போனதும் திருப்புளியை ஸ்டியரிங் தண்டில் ஊன்றிக் கைப்பிடியைக் கடித்துக்கொண்டார். ஒரு கையால்தான் வண்டி ஓட்டினார். கார் சீறிப் பாய்ந்தது. சட்டென்று காலை எடுத்தார். டுர்ர்ர், டுர்ர்ர் என்று முன்னால் எதுவோ இழுத்து இழுத்து அடங்கியது. திரும்பவும் வேகம், திரும்பவும் காலை எடுத்தல். ஏழெட்டு தடவை இப்படிச் செய்தார். ஒவ்வொரு தடவையும் சத்தம் அடங்கும்போது இடப்பக்க சீட்டைத் திரும்பிப் பார்த்தார். வண்டியைச் சோதிக்கிறார் என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டேன்.

விஷயத்தைச் சொன்னவர் நாராயணப்பன்தான். டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அந்தக்காவுக்கு இழுப்பு சார். பனிக்காலம் வந்தா மூச்சு வுட முடியாது. சன்னல் தொறந்தே இருக்கணும். ஷெட்டுக்குப் பின்னாடி ஒரு ரூமு, அதுதான் அவங்க வீடு. அண்ணனுக்குத்தான் காது கேக்காதே, பொண்டாட்டிக்கு மூச்சு வருதா இல்லியான்னு எப்பிடித் தெரியும்? இரும்புக் கட்டில்ல திருப்புளிய ஊனி வாயில வெச்சிக்கினே கீழ படுத்திருப்பாரு. அதுலதான் அவங்க மூச்சு அவருக்குக் கேக்கும்."

டியூபை எடுத்துத் துடைத்தார். ஓட்டை எங்கே என்பதை மறந்துவிட்டார் போலிருந்தது.

"அன்னிக்கி மத்தியானம் அந்தக்காவுக்கு ரொம்ப முடியல. அந்நேரம் பாத்து ஒரு லாரி வந்து நின்னுச்சு. இன்ஜின் ஆப் பண்ணா திரும்ப ஸ்டார்ட் ஆவாதுன்னு ஓடவுட்டே நிறுத்தி இருந்தாங்க. அண்ணன் கொஞ்ச நேரம் வேலை பாத்தாரு. நடுவுல உள்ள போயி கட்டில்ல வெச்சுக் கடிச்சுப் பாத்தாரு. வெளிய வந்து எங்கிட்ட சிரிச்சிக்கினே சொல்றாரு, 'நாராயணா, இன்னிக்கி ஒரே சீரா மூச்சு வுடறாடா, நல்லாத் தூங்கறா'ன்னு. திரும்ப வேலைக்குப் போயிட்டாரு. முக்கா மணி நேரம் சார். லாரி போனப்பறம் உள்ள போயி திரும்பக் கடிச்சாரு. ஒன்னியும் இல்ல."

டியூபை மறுபடி தண்ணீரில் அமுக்கினார்.

"நர்சம்மா வந்து தொட்டுப் பாத்துட்டு, உயிர் போயி ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சுன்னாங்க. அப்ப அண்ணன் கேட்டது என்னா? தரை அதிர்ந்து கட்டில் அதிர்ந்துச்சு. லாரிதான் சார் மூச்சு வுட்டுக்கினு இருந்துச்சு."

அந்த மாதக் கடைசியிலேயே சவரியப்பன் கான்டெஸாவைக் கட்டி முடித்து முதல் தடவை ஓட்டிப் பார்த்தார். அன்றுதான் அந்தச் சத்தத்தைப் பல்லில் கேட்டிருக்கிறார். நேராகப் பஞ்சர் கடை முன்னால் வந்து நிறுத்தி, "நாராயணா, லூர்து இதுல இருக்கறாடா!" என்று கத்தினாராம். தெருவே திரும்பிப் பார்த்ததாம். இந்த நவம்பரில் கல்லறைத் திருநாளன்று ஊர்க் கிறிஸ்தவர்கள் எல்லாரும் மெழுகுவத்தியும் பூவுமாகக் கல்லறைக்குப் போக, சவரியப்பன் காரை எடுத்துக்கொண்டு பாகலூர் ரோட்டுக்குப் போனார். கல்லறைக்குக் கூப்பிட்டவர்களிடம், "அங்க யாரு இருக்கறா?" என்று கேட்டாராம்.

மார்கழி பிறந்து நான்காம் நாள் காலை ஏழு மணிக்கு அவரே என் வீட்டு வாசலில் வந்து நின்றார். ஆட்டம் அளக்கும் கடிகாரக் கருவியை எடுத்து வரச் சொன்னார். ஷெட்டுக்குப் போனோம். கான்டெஸாவின் பானட் திறந்திருந்தது. டர்போவின் தண்டில் முள்ளை வைத்து அசைத்தேன். மில்லிமீட்டரில் நூறில் பதினான்கு காட்டியது. நான் எழுதிக்காட்டத் தேவையே இருக்கவில்லை, அவரே முள்ளைப் பார்த்துவிட்டார்.

"இன்னும் ஒரு மாசம் தாங்காது. விசிறி செவுத்துல ஒரசும், ஒடஞ்சிடும். இதே மாதிரி டர்போ இந்தப் பக்கம் எங்கியும் இல்ல. வால்வு போட்டா டர்போ பொழைக்கும், சத்தம் பூடும். போடலைன்னா டர்போவே பூடும். அப்பவும் சத்தம் பூடும்" என்றார். அன்று அவர் குரல் வழக்கத்தைவிடத் தாழ்ந்திருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. கத்தினால் தேவலை என்றிருந்தது.

பிறகு கேட்டார். "எனக்குக் காது இல்ல சார். ஒரு தடவ ஏமாந்தவன். நீங்க அளவு பாக்கறவரு. நீங்க கேட்டுச் சொல்லுங்க. மூச்சா, மிசினா?"

காரில் கிளம்பினோம். பனி கொட்டியது. பத்தடிக்கு முன்னால் இருக்கும் மரம் தெரியவில்லை. பின் சீட்டில் உட்கார்ந்து, அவர் சொன்னபடி திருப்புளியின் நுனியை அந்தக் காலி முன் சீட்டின் இரும்புக் காலில் ஊன்றினேன். கைப்பிடியைக் கடித்தேன். எண்ணெயும் உப்பும் கலந்த ருசி. அவர் பல் பதிந்த பள்ளத்தில் என் பல் பொருந்தவில்லை. தைல மரங்கள் பக்கம் வந்ததும் கார் பாய்ந்தது. காலை எடுத்தார்.

காதில் வழக்கமான டுர்ர்ர்தான் கேட்டது. பல்லில் கேட்டது வேறு. இளைத்து இளைத்து வெளியே விடும் மூச்சு அது. திரும்பி அடிக்கும் காற்று என்று எனக்குத் தெரியும், அதை மனதுக்குள் சொல்லிக்கொண்டும் இருந்தேன். எல்லாம் அடங்கிவிட்டது. வண்டி சும்மா உருண்டுகொண்டிருந்தது. அப்போது அந்தச் சீட்டின் காலிலிருந்து மெல்ல ஒரு மூச்சு உள்ளே இழுத்தது. பாதிவரை இழுத்து, முடியாமல் நின்றது.

நான் பயந்துபோனேன். விடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது, பக்கத்தில் ஆள் இருந்தார், ஆனாலும் பயந்தேன். திருப்புளியை வாயிலிருந்து எடுத்துவிட்டேன்.

ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கினார். நானும் இறங்கினேன். பானட் முழுக்கப் பனித்துளி படிந்திருந்தது. தலையை இடப்பக்கம் சாய்த்து, வாயைக் கொஞ்சம் திறந்து, என் விரலையே பார்த்துக்கொண்டு நின்றார். 'மிசின்' என்று எழுதத்தான் விரலை வைத்தேன். அப்படி எழுதியிருந்தால் என் புத்திக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஆனால் அளந்ததை மாற்றிச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. 'மூச்சு' என்று எழுதினேன். எழுத்துகளிலிருந்து தண்ணீர் வழிந்து கீழே இறங்கியது.

எழுத்து அழியும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சந்தோஷப்படுவார் என்று நினைத்திருந்தேன்.

"மூச்சுன்னா இழுத்துக்கினு இல்ல இருக்கறா?" என்றார். "இருவது மாசமா நான் காலை எடுக்கறப்பல்லாம் இழுத்துக்கினு இருக்கறா. நான் கேக்கணும்னுதானே சார் அவள இழுக்க வெச்சிக்கினு இருக்கறேன்?"

காருக்குள் குனிந்து டாஷ்போர்டு பெட்டியைத் திறந்தார். பழைய பவுடர் டப்பாவிலிருந்து புத்தம்புதிய வால்வு ஒன்று வெளியே வந்தது. பானட்டைத் தூக்கினார். அப்போதுதான் கவனித்தேன், வால்வு பொருத்துவதற்கான கிளைக் குழாயை முதல் நாளிலேயே வைத்து, அதன் வாயை ஒரு மரக்கட்டையால் அடைத்து வைத்திருந்தார். அடைத்த கட்டை எண்ணெய் ஊறிக் கறுத்துப்போயிருந்தது. அதைப் பிடுங்கி எறிந்தார். பத்து நிமிடத்தில் வால்வை மாட்டி, கிளிப்பை முடுக்கி, பானட்டைச் சாத்தினார். முதல்முறையாக அந்த மனிதர் சாத்தியது என் காதில் விழவில்லை.

மறுபடி ஏறினோம். நான் பின்னால்தான் ஏறினேன். திருப்புளியை ஸ்டியரிங் தண்டில் ஊன்றிக் கடித்துக்கொண்டார். கார் பனிக்குள் பாய்ந்தது. காலை எடுத்தார்.

உஸ்ஸ்ஸ் என்று ஒரே மூச்சாக, நீளமாக வெளியே போனது. எதுவும் திரும்பி வரவில்லை. தடுமாறவில்லை, இளைக்கவில்லை. போய் முடிந்தது.

சவரியப்பன் பிரேக்கை மெதுவாக அழுத்தி ஓரம் கட்டினார். கைப்பிடியை வாயிலிருந்து எடுக்காமல் கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு எடுத்து, சட்டையில் துடைத்து, மடியில் வைத்துக்கொண்டார். இடப்பக்கம் சாய்ந்து, இருபது மாதமாகப் பாதி இறங்கியிருந்த அந்தக் கண்ணாடியைச் சுற்றிச் சுற்றி மேலே ஏற்றினார். கைப்பிடி துருப்பிடித்துக் கிறீச்சிட்டது. இடைவெளி இல்லாமல் முழுக்க மூடினார்.

மூடிய சிறிது நேரத்தில் அந்தக் கண்ணாடி உள்பக்கமாக மங்கியது. வெளியே பனி, உள்ளே இரண்டு பேரின் மூச்சு. அது மங்குவதற்கு வேறு காரணம் வேண்டியதில்லை. மற்ற மூன்று கண்ணாடிகளும் ஏன் தெளிவாகவே இருந்தன என்பதற்குத்தான் என்னிடம் அளவு எதுவும் இல்லை.

சவரியப்பன் இன்ஜினை அணைத்தார். அந்த மங்கிய கண்ணாடியைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார். தலையை இடப்பக்கம் சாய்த்து, வாயைக் கொஞ்சம் திறந்து, காத்துக்கொண்டிருந்தார்.